எழுந்திருக்க ஒரு நாற்காலி: ஈசூன் சமூகத் தோட்டத்தில் ஒரு வடிவத் தேர்வு

முருங்கைக்கீரை உருவுகிற யாரும் சாய்ந்து உட்காருவதில்லை. முதுகு முன்னுக்கு வளைந்திருக்கும். முழங்கால்கள் சற்றே விரிந்து, நடுவில் பழைய செய்தித்தாள் தொய்ந்து கிடக்கும். ஒரு கை ஈர்க்கின் நுனியைப் பிடித்திருக்க, மற்றக் கையின் இரண்டு விரல்கள் ஒரே இழுப்பில் இலைகளை உதிர்க்கும். உருவி முடித்ததும் தாளின் நான்கு மூலைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். அதாவது, எழும்போது ஒரு கைதான் மிச்சம் இருக்கும்.

இந்த ஒற்றைக் கைக்காகத்தான் ஆறு நாற்காலிகளின் வடிவத்தை நாங்கள் மூன்று முறை மாற்றினோம். மரத்தில் வெளிப்புற நாற்காலி செய்ய நினைக்கும் மற்றவர்களுக்கும் பயன்படலாம் என்பதால், நடந்ததை முறையாக எழுதி வைக்கிறேன்.

தேவை

எங்கள் தோட்டம் சிங்கப்பூரின் ஈசூனில் மூன்று அடுக்குமாடி புளோக்குகளுக்கு நடுவே இருக்கிறது. தேசியப் பூங்காக் கழகம் 2005-இல் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டத்தின் வழியே தீவெங்கும் முளைத்த தோட்டங்களில் அதுவும் ஒன்று. முருங்கை, கறிவேப்பிலை, பண்டான், வெண்டை, ஓரத்தில் இரண்டு வாழை. காலை ஏழு மணிக்கே ஆட்கள் வந்துவிடுவார்கள். நிலையாக வருகிறவர்கள் ஒன்பது பேர். ஏழு பேர் எழுபதைக் கடந்தவர்கள். என் அம்மா அவர்களில் மூத்தவர். அதுவரை அவர்கள் உட்கார்ந்தது கவிழ்த்துப் போட்ட வாளிமீதும், குளியலறைக்கு வாங்கிய பிளாஸ்டிக் முக்காலிமீதும், பாத்தியின் கான்கிரீட் விளிம்பிலும்.

உயர்நிலைப் பள்ளியில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். சுங்கை காடுட்டில் மரப்பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் சனிக்கிழமைகளில் இடமும் இயந்திரமும் தருவதாகச் சொன்னார். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்குள் கடினமரம் அறுப்பது அண்டை வீட்டாருக்குச் செய்யும் கொடுமை என்பதால் அந்த உதவி இல்லாமல் இந்த வேலையே நடந்திருக்காது. நகர மன்றத்தின் ஒப்புதலும் சிக்கலின்றிக் கிடைத்தது. நடைபாதையை மறைக்கக்கூடாது, தண்ணீர் தேங்கக்கூடாது என்ற இரண்டு நிபந்தனைகள்தாம்.

பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டால் போதாதா என்று ஒரு மாமா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் வெயிலில் ஓரிரு ஆண்டு கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியின் கைகளை ஊன்றி எடையுள்ள ஒருவர் எழும்போது, அதன் கால்கள் நான்கு பக்கமும் விரிவதைப் பார்த்திருக்கிறேன். எழுகிறவர் நம்பிப் பிடிக்கும் பொருள் அந்த நொடியில் அசையக்கூடாது.

முதல் வடிவமும் அதன் பிழையும்

நான் முதலில் தேர்ந்தெடுத்தது அடிராண்டாக் நாற்காலி. சாய்ந்த பலகை முதுகும் அகலமான தட்டைக் கைகளுமாக, கடற்கரை விடுதிகளின் புல்தரையில் பலரும் பார்த்திருப்பார்கள். தாமஸ் லீ என்பவர் 1903-இல் நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட்போர்ட்டில், தம் குடும்பத்தின் கோடைக்கால வீட்டுக்காக இதை உருவாக்கினார். மாதிரிகளைச் செய்து, வீட்டாரை ஒவ்வொன்றிலும் உட்காரவைத்துத் திருத்தினார் என்பார்கள். வடிவத்தைத் தம் தச்சு நண்பர் ஹாரி பன்னலிடம் கொடுத்தார். பன்னல் 1905-இல் அதற்குத் தம் பெயரில் காப்புரிமை வாங்கிக்கொண்டார். அந்தக் கதையின் அநீதி ஒருபுறம் இருக்க, வடிவத்தின் அறிவுக்கூர்மை என்னை எப்போதும் ஈர்த்திருக்கிறது. வளைத்த உறுப்பு எதுவும் இல்லை. தட்டைப் பலகைகள் மட்டுமே. இருக்கையைத் தாங்கும் இரண்டு சட்டங்கள் அப்படியே பின்னோக்கிச் சரிந்து தரையைத் தொட்டுப் பின்கால்களாகிவிடுகின்றன. சிக்கனமான சிந்தனை. பள்ளியில் மாணவர்களுக்கு இதை வரைந்து காட்டியிருக்கிறேன்.

ஒன்றைச் செய்து முடித்துத் தோட்டத்துக்குக் கொண்டுபோனேன். எல்லாரும் தடவிப் பார்த்தார்கள். அம்மா உட்கார்ந்தார், முகம் மலர்ந்தது. இரண்டு நிமிடம் கழித்துக் கீரைக் கட்டை எடுக்க முன்னுக்குச் சாய முயன்றார். முடியவில்லை. மறுபடி முயன்றார். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, கையைக் கொடு" என்றார்.

அந்த மூன்று சொற்களில் வடிவத்தின் பிழை முழுவதும் இருந்தது. அந்த நாற்காலியின் முன்விளிம்பு தரையிலிருந்து 36 செ.மீ. உயரம், அங்கிருந்து இருக்கை பின்னோக்கிச் சரிந்து முதுகுப் பலகையைத் தொடும்போது 25 செ.மீ.தான். உட்கார்ந்தவரின் இடுப்பு முழங்காலைவிடத் தாழ்ந்துவிடுகிறது. மலைச்சரிவில் அமர்ந்து ஏரியைப் பார்ப்பவருக்கு, கால் நீட்டி மாலைப் பொழுதைக் கழிப்பவருக்கு, அதைவிட நல்ல இருக்கை இல்லை. எழுவதற்கோ, அவர் முதலில் தம் உடலை மேட்டுக்கு ஏற்றியாக வேண்டும். முழங்கால் தேய்ந்த ஒருவருக்கு அது இயலாது. உயரத்தைக் கூட்டிய அடிராண்டாக் வடிவங்களும் உண்டு. ஆனால் சரிவு அப்படியே இருக்கும்வரை கீரை உருவ முன்னுக்கு வர முடியாது. சரிவையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது வேறு நாற்காலி.

அந்த முதல் நாற்காலி இப்போது தோட்டத்தின் வாழையடியில் இருக்கிறது. பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் அதில் இருவர் இருவராகச் சாய்ந்துகொள்கிறார்கள். அவர்களுக்கு ஏற்ற வடிவம் அது.

பரிசீலித்த மற்றவை

தோட்டத்துக்கு உதவ வரும் இளைஞர் ஒருவர், டச்சு வடிவமைப்பாளர் கெரிட் ரீட்வெல்ட் 1934-இல் செய்த பெட்டிப்பலகை நாற்காலியை முன்மொழிந்தார். பலகையும் திருகாணியும் மட்டும் போதும். தச்சு தெரியாதவரும் ஒரு நாளில் பூட்டிவிடலாம். நேர்மையான வடிவம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதுவும் தாழ்வானது. மேலும் அகலப் பலகைகள் நம் வெயில் மழையில் கிண்ணம்போல் குழியும். குழிந்த பலகையில் தண்ணீர் நிற்கும். டெங்கிக் கொசு முட்டையிட ஒரு நாணயம் அகலத் தண்ணீர் போதும் என்பது இந்த ஊரில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அந்த யோசனையை அன்றே விட்டுவிட்டோம்.

செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவரின் மகனான ஒரு தாத்தாவுக்கு ஈஸிசேர் மீதுதான் மனம். தளத்துக் குடியிருப்பில் அவருடைய அப்பா இரவுப்பணி முடிந்து வந்து கித்தான் தொட்டிலில் சாய்ந்திருந்ததையும், கித்தானைத் தாங்கும் மூங்கில் கழியைப் பிள்ளைகள் உருவிவிட்டு அடி வாங்கியதையும் அவர் சொன்னபோது எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். ஆனால் எழுவது என்று வந்தால், ஈஸிசேரைவிடக் கடினமான இருக்கை வேறு இல்லை. கித்தானும் இந்த ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும். ஈஸிசேரிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்: உட்காருகிறவரின் முழங்கால்வரை நீளும் கைகள்.

மிஞ்சியது, பூங்காக்களில் காணும் நேர்முதுகுத் தோட்ட நாற்காலி. நான்கு நேர்க்கால், இரண்டு கை, இடைவெளிவிட்டுப் பதித்த சட்டங்கள். பார்த்ததும் யாரும் வியக்காத வடிவம். முதலிலேயே நான் அதை ஒதுக்கியதற்குக் காரணம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

யோசித்துப் பார்த்தால் நம் ஊர்த் திண்ணைக்கு இந்தக் கணக்கு என்றோ தெரிந்திருக்கிறது. முழங்கால் உயரத்தில் தட்டையான மேடை. விளிம்பில் ஒரு மரத்தூண். பாட்டிமார் அந்தத் தூணை ஒட்டித்தான் உட்காருவார்கள். நிழலுக்காகவோ சாய்வுக்காகவோ என்று சிறுவயதில் நினைத்திருக்கிறேன். அவர்கள் தூணைப் பிடித்துத்தான் எழுந்தார்கள்.

எழுவதை அளந்தது

வடிவம் முடிவானாலும் அளவு முடிவாகவில்லை. புத்தகத்து அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. அவை பெரும்பாலும் நம் பாட்டிமாரைவிட உயரமானவர்களுக்காகப் போட்டவை. சரக்குப் பலகைகளைப் பிரித்து ஒரு சோதனைச் சட்டகம் செய்தோம். (அனைத்துலகச் சரக்குப் பலகைகளில் ஒரு முத்திரை இருக்கும். அதில் எச்.டி. என்றிருந்தால் வெப்பமூட்டிப் பதப்படுத்தியது, எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகையிட்டது. பின்னதைத் தொடவே வேண்டாம்.) இருக்கையை 38-லிருந்து 48 செ.மீ.வரை ஏற்றி இறக்கலாம். முதுகைக் கீலில் சாய்க்கலாம். கைகளைக் கழற்றி மாட்டலாம்.

ஒன்பது பேரும் மூன்று காலைகளில் வந்து உட்கார்ந்தார்கள். வசதியாக இருக்கிறதா என்று கேட்பதை இரண்டாம் நாளே நிறுத்திவிட்டேன். கேட்டால் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். நம் பெரியவர்களின் பண்பு அது. அதற்குப் பதிலாக, கையில் கீரைத் தாளைக் கொடுத்து, பத்து நிமிடம் வேலை செய்யவிட்டு, அவர்கள் எழும்போது காலையும் கையையும் மட்டும் கவனித்தேன்.

என் அம்மா எழும் விதத்தைச் சொல்கிறேன். முதலில் இடுப்பை முன்விளிம்புக்கு நகர்த்துகிறார். அடுத்து இரண்டு பாதங்களையும் பின்னோக்கி, முழங்காலுக்கும் பின்னால், இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொள்கிறார். தலை முன்னுக்கு வருகிறது, மூக்கு கால்விரலுக்கு நேராக வந்ததும் வலக்கை நாற்காலியின் கையை அழுத்துகிறது, உடல் எழுகிறது. இந்த நான்கு அசைவில் எது தடைப்பட்டாலும் அவர் மறுபடி உட்கார்ந்துவிடுகிறார்.

சோதனைச் சட்டகத்தில் முன்கால்கள் இரண்டையும் இணைத்துக் கீழே ஒரு குறுக்குச்சட்டம் போட்டிருந்தேன். உறுதிக்காக எந்தத் தச்சரும் போடுவதுதான். அம்மாவின் குதிகால் அதில் இடித்தது. பாதம் பின்னால் போகவில்லை. இருக்கை 46 செ.மீ. உயரத்தில் இருந்தும் அவரால் எழ முடியவில்லை. சட்டத்தை அறுத்து எடுத்தேன். 43-லேயே எழுந்தார். உயரத்தைவிடக் குதிகாலுக்கான இடம் பெரிது என்பதை என் கண்ணால் பார்த்தது அப்போதுதான். இறுதி வடிவத்தில் பக்கச்சட்டங்கள் இரண்டு, அவற்றை நடுவில் இணைக்கும் ஒன்று என்று 'எச்' வடிவில் அமைத்தோம். குறுக்குச்சட்டம் முன்விளிம்பிலிருந்து 22 செ.மீ. உள்ளே போய்விட்டது, உறுதியும் குறையவில்லை.

உயரத்தில் ஒரு சிக்கல் தீரவே இல்லை. இருக்கை உயர உயர எழுவது எளிது. ஆனால் குள்ளமான பாட்டி ஒருவருக்கு 46-இல் பாதம் தரையில் முழுதாகப் பதியவில்லை. தொடையின் அடிப்பகுதியை விளிம்பு அழுத்தியது. முதியோரின் கால்வலிமையை அளக்க, 30 விநாடி உட்கார்ந்து எழச் சொல்லும் பரிசோதனையில்கூட நாற்காலி ஏறத்தாழ 43 செ.மீ.தான். எல்லாருக்கும் பொருந்தும் ஓர் உயரத்தைத் தேடி ஒரு வாரம் வீணானது. கடைசியில் நான்கை 43-லும் இரண்டை 46-லும் செய்வது என்று முடிவெடுத்தோம். உயரமானவற்றின் கைநுனியில் ஒரு சிறு குழி செதுக்கினேன். விரலால் தடவினாலே எது எது என்று தெரியும்.

மற்ற அளவுகள் விரைவில் அமைந்தன. இருக்கையின் ஆழம் 42 செ.மீ.; அதற்கு மேல் போனால் குள்ளமானவர்களுக்கு முதுகு சாய்மானத்தை எட்டாது. பின்புறம் 2 செ.மீ. மட்டும் தாழ்வு. சாய்மானம் இருக்கையோடு 103 பாகை. கைகள் இருக்கையிலிருந்து 22 செ.மீ. மேலே, முன்விளிம்பைத் தாண்டி 3 செ.மீ. நீண்டு, நுனியில் உருட்டி. அந்த 3 செ.மீ. இல்லாவிட்டால் எழுகிறவர் கையைத் தம் இடுப்புக்குப் பின்னால் ஊன்ற வேண்டியிருக்கும். தோளுக்கு அது கெடுதல். ஒரு கையில் கீரைத் தாள் இருப்பதால் மற்றக் கை முழு எடையையும் ஒரே பக்கம் தரும். ஆகவே நாற்காலி பக்கவாட்டில் சாயாமல் இருக்கக் கால்களுக்கு இடையிலான அகலத்தைக் கூட்டினோம்.

மரம்

தேக்குதான் எல்லாருடைய வாயிலும் முதலில் வந்தது. தேக்கின் எண்ணெய்ப்பசை நீரையும் கரையானையும் தள்ளிவைக்கும், உருக்குலையாது, இழைத்தால் வரும் மணமே தனி. ஆனால் வைரப்பகுதி (மரத்தின் உள்ளே இருக்கும் கடினப் பகுதி) முழுக்க இருக்கும் நல்ல தேக்குக்கு எங்கள் நிதி போதவில்லை. குறைந்த விலைக்குக் காட்டப்பட்டவற்றில் வெளிறு, அதாவது வைரத்தைச் சுற்றியிருக்கும் மென்பகுதி, அதிகம். வெளிறைப் பொறுத்தவரை தேக்கும் மற்ற மரமும் ஒன்றுதான், இரண்டும் இற்றுப்போகும். தேக்கு என்ற பெயருக்குக் காசு கொடுத்து வெளிறை வாங்குவதைவிடப் பெயரில்லாத வைரக்கட்டை மேல்.

சாலையோரம் வெட்டிய தூங்குமூஞ்சி மரத்தின் பலகைகள் பட்டறையில் இருந்தன. இந்த ஊரின் நிழலே அந்த மரம்தான். அதில் உட்கார வேண்டும் என்று எனக்கும் ஆசை. ஆனால் வெட்டிச் சில மாதங்களே ஆகியிருந்தன. காற்றில் உலர்த்தினால் ஓர் அங்குலத் தடிப்புக்கு ஓர் ஆண்டு என்பது தச்சர்களின் பழைய கணக்கு. வீட்டுச் சாமான்களில் நிறையப் புழங்கும் நியாதோ மரத்தை வெளியே மழையில் வைக்கக் கூடாது. செங்கல் என்னும் மலாயா மரம் எல்லாவற்றிலும் உயர்ந்தது. படகும் பாலமும் கட்டியது அதில்தான். தேவையான அளவில் கிடைக்கவில்லை. (நம் செங்கல்லோடு அதற்கு உறவில்லை, மலாய்ப் பெயர்.)

இறுதியில் பலாவ். வெளிப்புறத் தரைப்பலகைகளுக்கு இங்கே பரவலாகப் பயன்படும் மரம். ஒரு கன மீட்டர் 850 கிலோவுக்குக் குறையாது. தேக்கு 650 அளவில்தான் இருக்கும். அதனால் ஒரு நாற்காலி இருபது கிலோவை நெருங்கியது. இது நல்லதா கெட்டதா என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது. சுமத்ராப் புயற்காற்று விடியற்காலையில் அடிக்கும்போது நகராது. ஒற்றைக் கையை ஊன்றி எழுகிறவருக்கு மலைபோல் நிற்கும். ஆனால் நிழல் நகரும்போது பாட்டியால் அதை இழுத்துப்போட முடியாது. நாங்கள் பாரத்தையே தேர்ந்தெடுத்தோம். நாற்காலியை நகர்த்துவதற்குப் பதிலாக, காலை ஏழு முதல் பத்துவரை நிழல் எங்கே விழுகிறது என்று குச்சி நட்டுப் பார்த்து, மூன்று மூன்றாக இரண்டு இடங்களில் வைத்தோம். நிழல் விலகினால் ஆள் இடம் மாறிக்கொள்ளலாம். இது எல்லாத் தோட்டத்துக்கும் பொருந்தும் முடிவன்று. தனி வீட்டு முற்றத்துக்கென்றால் நான் தேக்கைத்தான் சொல்வேன்.

பலாவ் மரத்தில் துளையிடாமல் திருகாணி இறக்க முயன்றால் ஆணித்தலை முறிந்துவிடும், அல்லது மரம் பிளக்கும். ஒவ்வோர் ஆணிக்கும் முன்துளை. இரும்பாணியும் வேண்டாம், ஈர மரத்தின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து கருங்கறை இறக்கும். பாட்டிமாரின் வெளிர்நிறச் சேலையில் அது பட்டால் போகாது. 316 வகைத் துருப்பிடிக்காத எஃகைப் பயன்படுத்தினோம். கால்களையும் சட்டங்களையும் இணைக்கத் துளையில் கழுந்து (செதுக்கிய மரமுனை) இறக்கும் பழைய முறையே. வெளிப்புறப் பசை, மேலே ஒரு மரமுளை. பத்தாண்டில் பசை கைவிட்டாலும் முளை பிடித்துக்கொள்ளும்.

மழை போகும் வழி

சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,100 மி.மீ.க்கு மேல் மழை. காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டும். நனைவதால் மட்டும் மரம் கெடுவதில்லை. நனைந்தது உலராமல் இருப்பதால்தான் கெடுகிறது. எனவே வரைபடத்தில் ஒவ்வோர் இணைப்பையும் தொட்டு, இங்கே விழும் சொட்டு எந்த வழியாக வெளியேறும் என்று கேட்டோம். இருக்கைச் சட்டங்கள் 7 செ.மீ. அகலம், இடையில் 8 மி.மீ. இடைவெளி. அதைவிடக் குறைத்தால் தண்ணீர் இழைபோல் ஒட்டி நிற்கிறது. கூட்டினால் சேலைத் தலைப்பின் ஓரமும் சிறு பிள்ளையின் விரலும் போகின்றன. சட்டங்களின் மேல்முகத்தை நடுவில் மிக லேசாக உயர்த்தி இழைத்தோம். கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். கால்களின் அடிமுனைதான் நீரைக் குழாய்போல் உறிஞ்சும் இடம். அங்கே எப்பாக்ஸிப் பசையை ஊறவிட்டு, கீழே 1 செ.மீ. கனத்தில் கடினப் பிளாஸ்டிக் வில்லை அறைந்தோம்.

வார்னிஷ் வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். வெயிலில் அது வெடிக்கும். வெடிப்பின் வழியே புகுந்த நீர் வெளியே வராது. ஆளிவிதை எண்ணெயை இங்கே பூஞ்சை உணவாக்கிக்கொண்டு கறுப்பாகப் படரும். வெறும் மரமாகவே விட்டோம். ஓராண்டில் வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு வரும் என்று முன்பே எல்லாரிடமும் சொல்லிவைத்தேன். சொல்லாமல் விட்டிருந்தால் மரம் செத்துவிட்டது என்று வருந்தியிருப்பார்கள்.

இவ்வளவு பார்த்தும் ஓர் இடத்தைத் தவறவிட்டேன். சாய்மானத்தின் செங்குத்துச் சட்டங்கள் கீழே ஒரு குறுக்குக்கட்டையில் துளையிட்டுப் பதிந்திருக்கின்றன. அந்தத் துளைகள் மேல்நோக்கித் திறந்த கிண்ணங்கள். செங்குத்துச் சட்டத்தில் வழிந்து இறங்கும் மழை நேராக அதற்குள் போகிறது. நாற்காலிகளைத் தோட்டத்தில் வைத்த மூன்றாம் வாரம், இரண்டு நாள் மழையே இல்லாதபோதும் அந்தக் கட்டை குளிர்ந்திருப்பதைக் கையால் உணர்ந்தேன். ஆறு நாற்காலிகளையும் கவிழ்த்துப் போட்டு, ஒவ்வொரு துளைக்கும் அடியிலிருந்து 8 மி.மீ. வடிதுளை போட்டோம். முதல் துளையிலிருந்து ஒரு கரண்டி பழுப்புத் தண்ணீர் கொட்டியது. கொசுப்புழு இல்லை, இருந்திருக்கலாம் என்ற எண்ணமே எனக்குப் போதுமானதாக இருந்தது. மறுமுறை செய்வதானால் அந்தக் கீழ்க்கட்டையில் துளைகளே வேண்டாம். செங்குத்துச் சட்டங்களைக் கட்டையின் முன்முகத்தில் திருகிவிடலாம். தச்சு அழகு குறையும், மரம் பிழைக்கும்.

வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு

நாற்காலிகள் ஜூலையில் வந்தன. டிசம்பர், ஜனவரி மழை முழுவதையும் வெளியில் நின்றே வாங்கின. பிப்ரவரியில் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். மூட்டுகளில் ஆட்டம் இல்லை. இரண்டு இருக்கைச் சட்டங்களில் முனைவெடிப்பு, விரல்நீளம். பசை விட்டுக் கவ்வியிருக்கிறேன். ஒரு நாற்காலியின் இடப் பின்காலில் பிளாஸ்டிக் வில்லை கழன்றுபோயிருந்தது. அந்தக் கால் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குக் கறுத்திருந்தது. உலர்த்தி, முனையை மெல்ல அறுத்து, எப்பாக்ஸியிட்டு, இம்முறை வில்லையைத் திருகாணியால் பூட்டினேன். மற்ற இருபத்து மூன்று வில்லைகளையும் அதேபோல் மாற்ற வேண்டும், பாதி முடிந்திருக்கிறது.

நான்காம் மாடியில் இருக்கும் ஒருவர் தம் வீட்டு வாசல் நடைக்கு ஒன்று செய்து தரக் கேட்டார். பொது நடையில் ஆள் போகவர 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும். எங்கள் நாற்காலி முன்னிருந்து பின்வரை 60 செ.மீ. நீளும், அவர் வாசலில் அளந்து பார்த்தோம், இடம் போதவில்லை. அவருக்குக் கையுள்ள சிறிய முக்காலி ஒன்றை வரைந்துகொண்டிருக்கிறேன்.

அம்மா உட்காருவது எப்போதும் முருங்கைக்குப் பக்கத்து நாற்காலியில். வலக்கையின் நுனியில், அவர் உள்ளங்கை அழுந்தும் இடத்தில், மரம் மற்ற இடங்களைப்போல் சாம்பல் நிறத்துக்கு வரவில்லை. அங்கே மட்டும் பழுப்பாக, எண்ணெய் தடவியதுபோல் மின்னுகிறது.